நீதிபதியை யார் தெரிவு செய்வது? கிராமக்கோட்டிலிருந்து காதி நீதிமன்றம் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

காதி நீதிமன்றச் சீர்திருத்தம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து விடுகிறோம். ஒரு பக்கம் "மார்க்கத்தில் கை வைக்காதே" என்கிறது. மற்றப் பக்கம் "காதி நீதிமன்றமே வேண்டாம்" என்கிறது. இரண்டு பக்கமும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கதிரையில் இருப்பவரை யார் தெரிவு செய்கிறார்கள்? யார் யாருக்குள்ளிருந்து தெரிவு செய்கிறார்கள்?

இது முஸ்லிம்களின் கேள்வி மட்டுமல்ல. இந்த நாட்டின் நீதிமன்ற வரலாற்றில் நடந்த பெரிய சண்டைகள் பலவும் இதே கேள்வியில்தான் நடந்திருக்கின்றன. வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை என்ற முறையில் அந்தக் கதையை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*1. கிராமக்கோடு*

பருத்தித்துறைப் பக்கம் போய் வருகிறவர்களுக்குக் கிராமக்கோட்டுச் சந்தியைத் தெரியும். "கோடு" என்றால் எங்கள் பேச்சில் நீதிமன்றம். "கோடு கச்சேரி என்று அலைய ஏலாது" என்று இன்றைக்கும் சொல்கிறோம். கோடு போய்விட்டது, சந்தியின் பெயர் நிற்கிறது.

ஆங்கிலேயர் 1871 இல் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். ஊரவர் தெரிவு செய்கிற ஒரு குழு வயல், மேய்ச்சல், வாய்க்கால் போன்றவற்றுக்கு விதிகளை ஆக்கும். அந்த விதிகளை மீறியவர்களையும் சின்னச் சின்ன வழக்குகளையும் கிராம மன்றம் விசாரிக்கும். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை. செலவு குறைவு, தூரமும் குறைவு. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். விதி ஆக்கும் குழுவை ஊர் தெரிவு செய்யலாம். தீர்ப்புச் சொல்லும் தலைவரை நியமிக்கும் அதிகாரத்தை ஆட்சியாளர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

1945 இல் இவை கிராமிய நீதிமன்றங்கள் என்று மாற்றப்பட்டன. 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தோடு அவையும் முடிந்தன. ஆக, இலங்கையில் நீதிபதியை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் முறை வேரூன்றவே இல்லை. அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

*2. வாக்குப் போட்டால் தீருமா?*

அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் நீதிபதிகளுக்கு ஏதோ ஒரு வகையில் தேர்தல் உண்டு. 1832 இல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்தலில் தெரிவு செய்யத் தொடங்கியது. 1846 இல் நியூயோர்க்கும் அந்த வழிக்கு வந்தது. தொடக்க நோக்கம் நல்லது. ஆளுநரும் சட்டசபையும் தங்களுக்கு வேண்டியவர்களை நீதிபதிகளாக்குவதை நிறுத்த வேண்டும், நீதிபதி மக்களுக்கு மட்டும் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

ஆனால் தேர்தல் என்றால் செலவு. செலவு என்றால் அதைக் கொடுக்க ஒருவர் வேண்டும். மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு பெரிய நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டொலர் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போக இருந்த நேரத்தில், 2004 இல், அந்த நிறுவனத்தின் தலைவர் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காக ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் செலவழித்தார். அந்த வேட்பாளர் வென்றார். பிறகு அதே வழக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்த மூவரில் ஒருவராக இருந்தார். மற்றவர்கள் இருவர். தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு. விலகுங்கள் என்று கேட்டும் அவர் விலகவில்லை. கடைசியில் 2009 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் விலகியிருக்க வேண்டும் என்று சொன்னது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான்.

2025 ஏப்ரலில் விஸ்கொன்சின் மாநில உயர் நீதிமன்றத்தின் ஒரே ஒரு இடத்துக்கு நடந்த தேர்தலில் இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 10 கோடி டொலர் செலவாகியது. எலான் மஸ்க் தரப்பு மட்டும் 2 கோடிக்கு மேல் கொட்டியது. அவர்கள் ஆதரித்தவர் தோற்றார் என்பது வேறு விடயம்.

தேர்தலை முற்றாகத் தூக்கி எறியவும் முடியாது. ஏனென்றால் பிரதிநிதித்துவம் என்ற கேள்வியும் அங்கே இருக்கிறது. லூசியானாவில் கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை வெள்ளையர் அதிகமாக வாழும் புறநகர்ப் பகுதிகளோடு சேர்த்து ஒரே தொகுதியாக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தொகுதியிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவரும் மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வாக்குரிமைச் சட்டம் நீதிபதித் தேர்தலுக்கும் பொருந்தும் என்று 1991 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது.

இரண்டையும் சமாளிக்க அவர்கள் பல வழிகளைச் செய்து பார்த்தார்கள். மிசூரி மாநிலம் 1940 இல் ஒரு நடுவழியைக் கண்டது. நீதிபதிகள், சட்டத்தரணிகள், சாதாரண குடிமக்கள் கொண்ட ஆணைக்குழு மூன்று பெயரைக் கொடுக்கும். ஆளுநர் அதில் ஒருவரை எடுப்பார். பின்னர் அவரை வைத்திருக்கலாமா வேண்டாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள். வட கரோலினா 2002 இல் நீதிபதி வேட்பாளர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2013 இல் அதைத் தானே நீக்கிவிட்டது.

அரசன் கையிலிருந்து எடுத்து மக்களிடம் கொடுத்தாலும், இடையில் ஒருவன் பணப்பையோடு வந்து நிற்கிறான் என்பதைத்தான் அந்த இருநூறு வருட அனுபவம் காட்டுகிறது.

*3. "எங்களை அமைச்சர் தெரிவு செய்திருக்கிறார். ஆகவே நாங்கள் இருக்க முடியாது"*

எங்கள் நாட்டில் ஆபத்து பணத்தைவிட அதிகாரத்திலிருந்துதான் அதிகம் வந்தது. இதற்கு 1962 ஐப் போல நல்ல உதாரணம் இல்லை. உயர்தர மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் ஜனவரியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் செய்த சதி முறியடிக்கப்பட்டது. 24 பேருக்கு எதிராக வழக்கு. அரசு அவசரமாக ஒரு விசேட சட்டம் கொண்டு வந்தது. யூரி கிடையாது. மூன்று நீதியரசர்கள் விசாரிப்பார்கள். அந்த மூவரையும் நீதி அமைச்சர் பெயர் குறிப்பிடுவார்.

அமைச்சர் மூவரைக் குறிப்பிட்டார்: ரி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா. மூவரும் மதிப்புக்குரிய நீதியரசர்கள். யாரும் அவர்களின் நேர்மையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களே என்ன தீர்ப்புச் சொன்னார்கள் தெரியுமா? நீதிபதிகளைக் குறிப்பிடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது அரசியலமைப்புக்கு முரண். அதோடு, வழக்குத் தொடுக்கும் அரசே நீதிபதியையும் பொறுக்கி எடுத்தால் சாதாரண மனிதனுக்கு அந்த நீதியில் நம்பிக்கை வராது. இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அரசு சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைப் பிரதம நீதியரசருக்குக் கொடுத்தது. இரண்டாவது ஆயம் அமர்ந்தது. அதிலிருந்த ஒருவர் முன்பு சட்டமா அதிபராக இருந்து அதே விசாரணையில் சம்பந்தப்பட்டவர் என்பதால் அந்த ஆயமும் கலைந்தது. மூன்றாவது ஆயந்தான் வழக்கைக் கேட்டு முடித்தது. 1965 இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதே வருடம் டிசெம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில், அந்த விசேட சட்டமே நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிக்கும் சட்டம் என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் மேல் எங்களுக்கு அனுதாபம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நல்ல நீதிபதியும் பிழையான வழியால் வந்தால் அவருடைய தீர்ப்பை மக்கள் நம்பமாட்டார்கள் என்று அந்த மூவரும் சொன்னதை எங்கள் சமூகம் மறக்கக் கூடாது. இதைக் கடைசியில் திரும்பப் பேசுவேன்.

*4. பேரவை வரும், பேரவை போகும்*

சுதந்திரத்தின்போது கீழ் நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்க நீதிச்சேவை ஆணைக்குழு இருந்தது. பிரதம நீதியரசரும் வேறு இரு நீதியரசர்களும் அதில் இருப்பார்கள். அந்த ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வது தண்டனைக்குரிய குற்றம். 1972 குடியரசு யாப்பு இந்த முறையை மாற்றி அமைச்சரவையின் கையை ஓங்கச் செய்தது. 1978 யாப்பு ஆணைக்குழுவைத் திரும்பக் கொண்டு வந்தாலும், உயர் நீதிமன்ற நீதியரசர்கள் எல்லோருடைய பதவியும் அன்றோடு முடிந்தது என்றது. ஜனாதிபதி மீண்டும் நியமித்தவர்களே திரும்பி வந்தார்கள். 1983 இல், அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புக் கொடுத்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் ஆட்கள் போய்க் கூச்சல் போட்டார்கள்.

2001 இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டு வந்தது. ஜனாதிபதி ஒருவரை உயர் நீதிமன்றத்துக்கு நியமிப்பதானால் பேரவையின் சம்மதம் வேண்டும். 2010 இல் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2015 இல் 19ஆவது திருத்தம் திரும்பக் கொடுத்தது. 2020 இல் 20ஆவது திருத்தம் மறுபடி எடுத்தது. 2022 இல் 21ஆவது திருத்தம் மறுபடி கொடுத்தது. 21 வருடத்தில் ஐந்து திருத்தம். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விடயமில்லை.

பேரவை இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2012 இல் சொன்னது. சில வாரங்களில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை வந்தது. 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். அந்த நடைமுறை செல்லாது என்று நீதிமன்றங்கள் சொன்னதைப் பாராளுமன்றம் பொருட்படுத்தவில்லை.

வடக்கில் வாழும் எங்களுக்கு இது கொழும்புச் செய்தி மட்டுமல்ல. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி தன் உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். அரசு அதை மறுத்தது. வடக்குச் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். அதற்கும் முன்னால், 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது, அந்தக் கட்டளைக்கு எதிராகப் போய் முறையிட ஒரு கோடும் இருக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்களே கட்டளையும் போட்டார்கள், தீர்ப்பும் சொன்னார்கள். என் உம்மா வாப்பா சோனகத் தெருவிலிருந்து கையில் எடுத்ததோடு போன தலைமுறை. சுதந்திரமான நீதிபதி என்பது பாடப்புத்தகத்துச் சொல்லாக மட்டும் எனக்குப் படாததற்கு அதுதான் காரணம்.

*5. இணக்கசபையும் மத்தியஸ்த சபையும்*

மேல் மட்டத்தை விடுவோம். ஊர் மட்டத்தில் இந்த நாடு ஒரு பிழையைச் செய்து, பிறகு அதைத் திருத்தியும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

1958 இல் இணக்கசபைகள் வந்தன. சின்னப் பிணக்குகளை ஊரிலேயே பேசித் தீர்க்கும் நல்ல திட்டம். ஆனால் உறுப்பினர்களை நியமித்தவர் நீதி அமைச்சர். காலப்போக்கில் ஆளுங்கட்சிக்காரருக்கே அந்தப் பதவி என்ற பெயர் வந்தது. எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அந்தச் சபைக்கு முன்னால் போய் நின்றால் அவனுக்கு எப்படி நம்பிக்கை வரும்? 1978 இல் இணக்கசபைகள் இல்லாமல் போயின.

பத்து வருடம் கழித்து, 1988 இல் மத்தியஸ்த சபைச் சட்டம் வந்தது. இந்த முறை அமைச்சர் ஆட்களைப் போடுவதில்லை. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு போடும். அதில் மூவர் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவர்கள். ஊரிலுள்ள அரசியல் சாராத அமைப்புகள் பெயர்களைக் கொடுக்கும். பெயர் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி நடக்கும். பயிற்சியில் தேறியவர்களே நியமிக்கப்படுவார்கள். பதவிக்காலம் மூன்று வருடம். ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். பெண்களும் இருக்கிறார்கள். போர் காரணமாக வடக்குக்குப் பிந்தியே வந்தாலும், இன்றைக்குச் சனி, ஞாயிறு நாட்களில் பாடசாலை மண்டபங்களில் கூடுவதைக் காண்கிறோம்.

இரண்டு சபைகளும் செய்தது ஒரே வேலை. ஆட்களை எடுத்த வழிதான் வேறு. ஒன்று கட்சிக்காரர் சபை என்ற பெயரோடு மூடப்பட்டது. மற்றது முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது.

*6. காதி*

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம்.

1806 இல் ஆங்கிலேயர் முகம்மதியச் சட்டக்கோவையை வெளியிட்டார்கள். காதி நீதிமன்றம் என்ற அமைப்பு 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உருவாகி 1937 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று இருப்பது 1951 ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். தலாக், பஸஹ், மஹர், கைக்கூலி, தாபரிப்பு எல்லாம் காதிக்கு முன்னால்தான் போகும்.

முதலில் காதியை நியமித்தவர் அமைச்சர். 1960களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம், காதியும் நீதி அதிகாரத்தைச் செலுத்துகிறவரே, ஆகவே அவரை நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 1962 வழக்கின் அதே கேள்விதான் எங்கள் காதி நீதிமன்றத்துக்கும் வந்து, நல்ல பதிலும் கிடைத்தது. அதாவது காதி நியமனத்தில் கை வைக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள், அது ஏற்கனவே ஒரு முறை நல்லதற்காக மாற்றப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அந்தத் திருத்தம் பாதியில் நின்றுவிட்டது. யார் நியமிப்பது என்பது மாறியது. யாரை நியமிப்பது என்பது மாறவில்லை. நன்னடத்தையும் தகுதியான நிலையும் உள்ள முஸ்லிம் ஆண் என்றே சட்டம் சொல்கிறது. விவாகப் பதிவாளரும் ஆண். பஸஹ் வழக்கில் காதியோடு அமரும் மூன்று மதிப்பீட்டாளர்களும் ஆண். மேன்முறையீடு கேட்கும் காதிகள் சபையின் ஐந்து பேரும் ஆண். ஒரு முஸ்லிம் பெண் சட்டம் படித்து நீதவான் ஆகலாம், மாவட்ட நீதிபதி ஆகலாம், உயர் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். காதி மட்டும் ஆக முடியாது. காதிக்கு முன்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். தன் கணவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பெண் அந்த அறையில் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்.

அடுத்தது பணம். காதிக்கு மாதம் கிடைப்பது சம்பளம் அல்ல, சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு. பலருக்கு ஒழுங்கான அலுவலகம் இல்லை. வீட்டிலோ பாடசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ விசாரணை. சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழித்து நேர்மையாகச் செய்கிற காதிமார் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பான். ஆனால் ஓர் அமைப்பைத் தனி மனிதரின் தக்வாவை மட்டும் நம்பிக் கட்ட முடியாது. வழக்குக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் ஊரில் வசதியானவர்கள், காதி அதே ஊரில் கடை வைத்திருப்பவர் என்றால், கைலஞ்சம் என்று ஒன்று தேவையே இல்லை. முகதாட்சண்யம் போதும். அமெரிக்காவில் நீதிபதிக்குத் தேர்தல் செலவு. எங்கள் காதிக்கு ஊர்ச் செலவு. இரண்டிலும் நீதிபதி யாரோ ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம். அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமாகப் பரிந்துரைத்தது. பெண்களும் காதியாகலாம் என்று மர்சூஃப் அணி. கூடாது என்று பாயிஸ் முஸ்தபாவோடும் உலமா சபைத் தலைவரோடும் நின்ற அணி. அதன் பிறகும் விடயம் அரசுக்கு அரசு இழுபடுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் ஆலிமா இல்லை. வரலாறாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் கருத்து, காதி ஆணாக இருக்க வேண்டும் என்பதுதான். ஹனஃபி மத்ஹபில், குற்றவியல் தண்டனைகள் தவிர்ந்த விடயங்களில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்ற கருத்து உண்டு. இமாம் தபரி அதைவிடவும் விரிவாக அனுமதித்ததாக அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நாடுகளிலேயே, இந்தோனேசிய மார்க்க நீதிமன்றங்களில் பல தசாப்தங்களாகப் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். மலேசியா 2010 இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்களை நியமித்தது. பலஸ்தீனம் 2009 இலேயே நியமித்துவிட்டது.

இமாம் அபூ ஹனீஃபாவின் கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். கலீபா மன்சூர் காதிப் பதவியைக் கொடுத்தபோது மறுத்தார், அதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். பயான்களில் இதைப் பேணுதலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. நியமிக்கிறவரின் கை நீதிபதியின் தோளில் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

*7. என்ன கேட்கலாம்?*

காதிக்கு ஊரில் தேர்தல் வைக்கலாம் என்று சொல்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலேயே நாங்கள் படுகிற பாடு போதும். வசதியானவர் சாப்பாடு கொடுத்து ஆள் சேர்ப்பார், தீர்ப்பில் அதைத் திரும்ப எடுப்பார்.

மூன்று விடயங்களைக் கேட்கலாம். ஒன்று, மத்தியஸ்த சபை போல ஊர் அமைப்புகள் பெயர் கொடுக்கட்டும். ஆனால் பயிற்சி, பரீட்சை வைத்து நீதிச்சேவை ஆணைக்குழுவே தெரிவு செய்யட்டும். விண்ணப்பித்தவர் யார், எந்தத் தகுதியில் எடுத்தார்கள் என்பது பகிரங்கமாக இருக்கட்டும். இரண்டு, மற்ற நீதிபதிகளைப் போலச் சம்பளமும் இடமாற்றமும் ஓர் அறையும் கொடுக்கட்டும், சொந்த ஊரில் இருத்த வேண்டாம். மூன்று, "ஆண்" என்ற அந்த ஒரு சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்கட்டும். காதியாகப் போவதா இல்லையா என்பதைத் தகுதியுள்ள பெண் முடிவு செய்யட்டும்.

மூன்றாவதில் உடன்படாதவர்கள் என் நட்பு வட்டத்திலேயே பலர் என்று தெரியும். முதல் இரண்டிலாவது சேர்ந்து குரல் கொடுக்கலாம். ஏனென்றால் 1962 இல் அந்த மூன்று நீதியரசர்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். நல்ல காதி இருந்தால் மட்டும் போதாது. தோற்றவரும் "சரி, நியாயமான ஆள்தான் தீர்ப்புச் சொன்னார்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் இருக்கும் காதிகள் சபைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கைக்குழந்தையோடு தாபரிப்புக் கேட்டு நிற்கிற ஒரு பெண்ணை மேன்முறையீட்டுக்குப் போ என்று சொல்வது லேசு. முதல் கதிரையில் சரியான ஆளை இருத்தினால் அவள் பஸ் ஏறத் தேவையில்லை.

கருத்துகளை எழுதுங்கள். திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.